ஜனவரியை வைத்து முடிவெடுங்கள்: நேரோபோட்டில் குடியேறுவோருக்கு

நேரோபோட் என்பது இங்கிலாந்தின் கால்வாய்களில் மக்கள் வீடாகவே குடியிருக்கும் ஒடுங்கிய, நீளமான படகு. ஜூன் மாத வெயிலில் எல்லா நேரோபோட்டும் நல்ல படகுதான். முன்கதவையும் பின்கதவையும் திறந்துவைத்தால் காற்று ஓடும். கூரைமேல் இருக்கும் சோலார் தகடு மதியத்துக்குள் பேட்டரியை நிரப்பிவிடும். தண்ணீர் தீர்ந்தால் கொஞ்ச தூரம் ஓட்டிப்போய்ப் பிடித்துக்கொள்ளலாம். ஜனவரியில் கால்வாய் உறைந்து, படகு ஒரு வாரம் நின்ற இடத்திலேயே நிற்கும். கழிவறைத் தொட்டியில் இன்னும் எவ்வளவு இடமிருக்கிறது, கரி எத்தனை மூட்டை மிச்சம், பேட்டரி நாளைக்குத் தாங்குமா என்பதே அப்போது முழுநேரக் கவலையாகிவிடும். அதனால் கீழே வரும் ஒவ்வொரு தேர்வையும் அந்த ஒரு வாரத்தை மனத்தில் வைத்தே எடைபோட்டிருக்கிறோம்.

இது இங்கிலாந்தின் உள்நாட்டுக் கால்வாய்களில் குடியிருக்கப் படகை வாங்கி முடித்தவர்களுக்கு எழுதியது. நீளம், இரும்பின் கனம், சர்வே (வாங்குமுன் படகைப் பரிசோதிப்பது) எல்லாம் முடிந்த விஷயங்கள். மிச்சமிருப்பவை நான்கு: படகை எங்கே கட்டி நிறுத்துவது, எந்தக் கழிவறை, எதில் சூடு, மின்சாரத்தை எதில் சேமிப்பது. இந்த வரிசையிலேயே யோசியுங்கள். முதல் கேள்விக்குப் பதில் கிடைத்தால் மற்ற மூன்றும் பாதி முடிந்த மாதிரி.

எங்கே கட்டுவது?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 2,000 மைல் நீர்வழிகளை 2012 முதல் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பராமரிக்கிறது. அதனிடம் உரிமம் வாங்க, நடப்பிலுள்ள போட் சேஃப்டி சான்றிதழும் (4 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்) காப்பீடும் வேண்டும். கூடவே, படகுக்கு நிரந்தரமாகக் கட்டும் இடம் இருக்கிறதா என்றும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நீங்கள் ‘கன்டினியூவஸ் க்ரூசர்’, அதாவது தொடர்பயணி.

தொடர்பயணத்துக்கு இடவாடகை கிடையாது என்பதால் புதிதாக வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். சட்டத்தைச் சரியாகப் படித்துவிட்டு இறங்குங்கள். 1995-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டம், 17-ஆம் பிரிவு, இரண்டு விஷயங்களைக் கேட்கிறது: ஒரே இடத்தில் 14 நாளுக்குமேல் நிற்கக்கூடாது, உரிமக் காலம் முழுக்க உண்மையாகவே பயணத்தில் இருக்க வேண்டும். பலர் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, பக்கத்துப் பக்கத்து இரண்டு பாலங்களுக்கு நடுவே பதினான்கு நாளுக்கு ஒருமுறை போய்வருகிறார்கள். அது செல்லாது. ஆண்டு முழுக்கப் போன தூரத்தின் இரு கடைசிப் புள்ளிகளுக்கு இடையே 20 மைல்கூட இல்லையென்றால் சட்டத்தை நிறைவேற்றியதாகக் கொள்வது கடினம் என்று டிரஸ்ட் சொல்கிறது. திருப்தி இல்லையென்றால் அடுத்த முறை ஓராண்டு உரிமத்துக்குப் பதிலாக ஆறு மாத உரிமம்தான் கையில் வரும். 2024 ஏப்ரல் முதல் தொடர்பயணிகளுக்கு உரிமக் கட்டணத்தில் கூடுதல் தொகையும் சேர்ந்திருக்கிறது. 5 சதவீதத்தில் தொடங்கி 2028-க்குள் 25 சதவீதமாகும்படி படிப்படியாக ஏறுகிறது.

லண்டனில் வேலை பார்த்துக்கொண்டே தொடர்பயணம் சாத்தியமா? கிராண்ட் யூனியன் கால்வாய் ஒரு நல்ல விடை. ஹெமல் ஹெம்ஸ்டெட், பெர்க்கம்ஸ்டெட், டிரிங், லெய்ட்டன் பஸர்ட், ப்ளெச்லி, வோல்வர்ட்டன் என்று லண்டனின் யூஸ்டன் நிலையத்துக்குப் போகும் ரயில் பாதை கால்வாயை ஒட்டியே ஓடுகிறது. இந்த நீட்சி 20 மைலைத் தாண்டும். ஆனால் டிரிங் மேட்டின் இரண்டு பக்கமும் லாக் (மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்கும் நீர்க்கதவுத் தொட்டி) ஏராளம், தனியாளாக ஒரு சனிக்கிழமையில் பத்துப் பன்னிரண்டு லாக் ஏறினால் ஞாயிறு முழுக்க இடுப்பு வலிதான். பள்ளிக்குப் போகும் குழந்தைகள் இருந்தால் இந்தக் கணக்கு இன்னும் இறுகும். உடல்நலக் குறைபாடு உள்ளவர்கள் 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின்படி நகரும் தூரத்தில் தளர்வு கேட்கலாம். அதைக் கேட்கத் தயங்கவே வேண்டாம், ஆனால் எழுத்தில், முன்கூட்டியே கேளுங்கள்.

மரீனாவில், அதாவது படகுகளுக்கான தனித் துறையில், கட்டினால் கரைமின்சாரம், தண்ணீர்க் குழாய், குப்பைத் தொட்டி, நடந்துபோகும் தூரத்தில் கழிவகற்றும் இடம் எல்லாம் கிடைக்கும். வாடகையைப் படகின் நீளத்தை வைத்துப் போடுவார்கள். ஒப்பந்தத்தில் ஒரு சொல்லை மட்டும் தேடிப் பாருங்கள்: ‘ரெசிடென்ஷியல்’ (குடியிருக்க) என்று இருக்கிறதா, ‘லெஷர்’ (பொழுதுபோக்குக்கு) என்று இருக்கிறதா? லெஷர் இடத்தில் சட்டப்படி குடியிருக்க முடியாது. மேலாளர் கண்டுகொள்ளாமல் இருக்கலாம், ஆனால் அவர் மாறிய மறுநாள் உங்கள் முகவரி காணாமல்போகும். திட்ட அனுமதி உள்ள ரெசிடென்ஷியல் இடத்தில் கவுன்சில் வரி (உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டுவரி) வரும், பெரும்பாலும் மிகக் குறைந்த ‘ஏ’ பிரிவில்.

இரண்டுக்கும் நடுவே, விவசாயியின் வயலோரத்தில் கரையிலேயே கட்டும் மலிவான இடங்கள் உண்டு. தண்ணீர்க் குழாய் மட்டும் இருக்கும், மின்சாரம் அநேகமாக இருக்காது. டிரஸ்டே நவம்பர் முதல் பிப்ரவரி வரைக்குத் தொடர்பயணிகளுக்குக் குளிர்கால இடங்களை மாதக்கணக்கில் விற்கிறது.

எங்கள் தீர்ப்பு: முதல் குளிர்காலத்தை மட்டுமாவது சேவைகள் உள்ள ஒரு நிலையான இடத்தில் கழியுங்கள். படகில் எது ஒழுகுகிறது, எது உறைகிறது, எது சத்தம் போடுகிறது என்பதெல்லாம் அந்த நான்கு மாதத்தில் தெரிந்துவிடும். ஏப்ரலில் கிளம்பலாம். முதல் ஆண்டிலேயே பயணம்தான் என்று உறுதியாக இருந்தால், அக்டோபரிலேயே டிரஸ்டின் மூடல் பட்டியலைப் பாருங்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை லாக்குகளைப் பழுதுபார்க்க மூடுவார்கள். இரண்டு மூடல்களுக்கு நடுவே மாட்டப்போகிறீர்கள் என்றால், அந்தத் துண்டுக்குள் தண்ணீரும் கழிவகற்றும் இடமும் கரி விற்கும் இடமும் இருக்க வேண்டும். படகின் நீளத்தையும் மறக்காதீர்கள். 57 அடிக்குள் இருந்தால் ஏறக்குறைய எங்கும் போகலாம். அதைத் தாண்டினால், 57 அடி 6 அங்குலத்துக்குக் கட்டிய கால்டர் அண்ட் ஹெப்பிள் லாக்குகள் போன்றவை வழிமறிக்கும்.

கழிவறை: கேசட், பம்ப்-அவுட், பிரித்தெடுப்பது

படகுக்காரர்கள் இருவர் சந்தித்தால் பத்து நிமிடத்துக்குள் பேச்சு இங்கேதான் வந்து நிற்கும். அதற்குக் காரணம் உண்டு.

கேசட் என்பது பீங்கானுக்கு அடியில் பெட்டிபோல் இழுத்தெடுக்கும் சிறு தொட்டி. 18 முதல் 20 லிட்டர் கொள்ளும். இரண்டு பேருக்கு மூன்று, நான்கு நாள் வரும். நிறைந்தால் 20 கிலோ கனம். அதைச் சக்கர வண்டியில் வைத்து ‘எல்சான்’ எனப்படும் கழிவகற்றும் இடத்துக்குக் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். உரிமம் வைத்திருப்பவர்களுக்கு இது இலவசம். கூடுதலாக இரண்டு கேசட் வாங்கி வைத்துக்கொண்டால் பத்து நாள் கவலையில்லை. கெட்டுப்போவது அடிப்பக்க ரப்பர் சீல்தான். காய்ந்தால் கசியும். அதற்கு சமையல் எண்ணெயோ வாசலினோ பூசாதீர்கள், ரப்பர் உப்பிவிடும். சிலிகான் தெளிப்பான் போதும். ஃபார்மால்டிஹைடு கலந்த நீல மருந்தையும் தவிர்க்கலாம். பல எல்சான்கள் செப்டிக் தொட்டியில் இணைந்தவை, அந்த மருந்து தொட்டியிலுள்ள பாக்டீரியாவைக் கொன்று இடத்தையே பயனில்லாமல் ஆக்கிவிடும். பச்சை மருந்து வாங்குங்கள்.

பம்ப்-அவுட்டில் கட்டிலுக்கு அடியில் 200, 300 லிட்டர் தொட்டி இருக்கும். இரண்டு பேர் மூன்றிலிருந்து ஐந்து வாரம் மறந்துவிடலாம். பிறகு மரீனாவிலோ எரிபொருள் படகிடமோ பணம் கொடுத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். வீட்டுக் கழிவறைக்கு மிக நெருக்கமானது இதுதான், விருந்தாளிகளுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. குறைகள் இரண்டு. தொட்டியின் அளவுகாட்டி பொய் சொல்லும், நிறைந்தது தெரிவதற்குள் நிறைந்துவிடும். அதைவிடப் பெரிது, பனி உறைந்தால் படகைத்தான் பம்ப் இருக்கும் இடத்துக்கு ஓட்டிப்போக வேண்டும். கேசட்டைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கலாம், 17 டன் படகைத் தூக்க முடியாது. பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு போனாலோ, நீர்மட்டத்தில் இருக்கும் தார்ப்பூச்சைப் பனி சுரண்டிவிடும்.

பிரித்தெடுக்கும் கழிவறையில் சிறுநீர் முன்பக்கக் குடுவைக்கும், மலம் தென்னைநார்த்தூள் போட்ட வாளிக்கும் போகும். ஈரம் சேராததால் நாற்றம் குறைவு, சின்ன 12 வோல்ட் விசிறி ஒன்று போதும். 10 லிட்டர் குடுவை இரண்டு பேருக்கு இரண்டு, மூன்று நாள். ‘கம்போஸ்ட் டாய்லெட்’ என்று விற்றாலும் படகுக்குள் எதுவும் உரமாவதில்லை. முழுதாக மக்க ஓராண்டு அளவு காலம் ஆகும். மூடிவைத்த வாளிகளை அத்தனை காலம் எங்கே வைப்பீர்கள்? முன்பு பையில் கட்டி டிரஸ்டின் குப்பைத் தொட்டியில் போட்டார்கள், இப்போது அதற்கு அனுமதி இல்லை. எல்சானில் போட்டால் நார் அடைத்துக்கொள்ளும். கரையில் நிலமோ, வாளிகளை வைக்க ஒத்துக்கொள்ளும் மரீனாவோ இருந்தால் மிக நல்ல ஏற்பாடு. இல்லாதவர்கள் இதை முதல் தேர்வாக எடுக்க வேண்டாம்.

தொடர்பயணிக்குக் கேசட். மரீனாவிலேயே பம்ப் வைத்திருப்பவர்களுக்குப் பம்ப்-அவுட். பம்ப்-அவுட் படகை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? பிடுங்கிப்போட வேண்டாம். சிறிய பெட்டிக் கழிவறை ஒன்றை அலமாரிக்குள் வையுங்கள். அந்த ஒரு வாரத்துக்கு அது போதும்.

சூடு: கரியா, டீசலா?

கரி அடுப்புதான் நேரோபோட்டின் இதயம். மோர்ஸோ ஸ்குயிரல் போன்ற சிறிய வார்ப்பிரும்பு அடுப்பு ஒன்று 57 அடிப் படகின் முன்பாதியைச் சூடாக்கிவிடும். மின்சாரம் வேண்டாம், பழுதாகும் பாகங்கள் குறைவு. புகையில்லாக் கரிக்கட்டிகளைப் போட்டு, இரவில் காற்றுவாயைக் கிட்டத்தட்ட மூடிவிட்டால் எட்டு மணி நேரம் கனன்றுகொண்டிருக்கும். கடுங்குளிரில் 25 கிலோ மூட்டை மூன்று, நான்கு நாள் வரும், அதாவது வாரத்துக்கு இரண்டு மூட்டை. விறகு சீக்கிரம் எரிந்துபோகும், அதனால் பகலில் விறகு, இரவில் கரி என்று வைத்துக்கொள்வது வழக்கம். கரையில் விழுந்துகிடக்கும் ஈர விறகை எடுத்துப் போட்டால் புகைபோக்கிக்குள் தார் படியும். கூரையில் பழுப்பு நிறத்தில் கோடு இறங்குகிறதென்றால் விறகு காயவில்லை என்று அர்த்தம். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மலிவான ஈரமானியே இதைக் காட்டிவிடும்.

இதன் கெடுதிகளும் சிறியவை அல்ல. சாம்பல் தினமும் அள்ள வேண்டும், அள்ளிய சாம்பலை உள்ளே வைக்கவே கூடாது. அணைந்ததுபோல் தெரியும் சாம்பலும் கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டிருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வெளியே வையுங்கள். கதவின் கயிற்று சீல் நைந்துவிட்டதா என்று பார்க்க, ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எளிதாக வந்தால் கயிற்றை மாற்றுங்கள். புகைபோக்கியை மாதம் ஒருமுறை துடையுங்கள். பழைய அடுப்புகள் பலவற்றில் பின்சுவருக்கும் அடுப்புக்கும் இடைவெளி போதாமல் மரம் கருகியிருக்கும். படகு அடுப்புகளுக்கான பிஎஸ் 8511 விதிமுறைப்படி பொருத்தியிருக்கிறதா என்று சர்வே அறிக்கையில் தேடிப் பாருங்கள்.

டீசல் ஹீட்டர் (வெபாஸ்டோ, எபர்ஸ்பேச்சர் வகை) பொத்தானை அழுத்தினால் வேலை செய்யும். 5 கிலோவாட் கருவி முழு வீச்சில் மணிக்கு சுமார் 0.6 லிட்டர் குடிக்கும். ரேடியேட்டர் மூலம் படகின் பின்னால் இருக்கும் படுக்கையறைவரை சூடு போகும். இவற்றில் வரும் பழுதுகளில் பெரும்பகுதிக்குக் காரணம் இரண்டு. தொடங்கும்போது பற்றவைக்கும் முள் ஓரிரு நிமிடம் 10 ஆம்பியர்வரை இழுக்கும். பேட்டரி தளர்ந்திருந்தாலோ கம்பி மெல்லியதாக இருந்தாலோ வோல்டேஜ் விழுந்து கருவி தானே நின்றுவிடும், பழுது ஹீட்டரில் என்று நினைத்து ஆளைக் கூப்பிடுவார்கள். இன்னொன்று, சின்னச் சின்ன நேரம், மெல்லிய வீச்சில் ஓட்டுவது. அப்படி ஓட்டினால் எரியறைக்குள் கரி படிந்து அடைக்கும். வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் முழு வீச்சில் ஓட விடுங்கள். டீசல் போடும்போது இயக்கத்துக்கு எவ்வளவு, வீட்டு உபயோகத்துக்கு எவ்வளவு என்று உறுதிமொழி கேட்பார்கள். 60-க்கு 40 என்று எழுதுவது வழக்கம். வீட்டுப் பங்குக்கு வரி குறைவு.

இரண்டில் ஒன்றைத்தான் வைக்க முடியும் என்றால் கரி அடுப்பு, யோசிக்கவே வேண்டாம். உறைந்த வாரத்தில் பேட்டரி இறந்தாலும் அது எரியும். வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவர்களுக்கு இரண்டும் வேண்டும். கால் மணி நேரத்தில் டீசல் ஹீட்டர் படகைச் சுடவைக்கும், அதற்குள் கரி பற்றிக்கொள்ளும்.

காஸைச் சூட்டுக்கு நம்பாதீர்கள், செலவு தாங்காது. சமையலுக்கு 13 கிலோ சிவப்பு உருளை, அதாவது புரோபேன் மட்டும் வாங்குங்கள். நீல உருளையிலுள்ள பியூட்டேன் 0 டிகிரிக்கு அருகில் ஆவியாகாமல் நின்றுவிடும்.

பேட்டரி: லெட்-ஆசிடா, லித்தியமா?

முதலில் கணக்கு. 12 வோல்ட் குளிர்பெட்டிக்கு ஒரு நாளைக்கு சுமார் 40 ஆம்பியர்-மணி. எல்.இ.டி. விளக்கு, தண்ணீர் பம்ப், கைப்பேசி, மடிக்கணினி, ஹீட்டர் எல்லாம் சேர்த்தால் 100-ஐத் தொடும். 110 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரி நான்கு இருந்தால் காகிதத்தில் 440. ஆனால் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும், ஆகவே கையில் 220, இரண்டு நாள்.

சிக்கல் செலவழிப்பதில் இல்லை, நிரப்புவதில்தான். பாதியிலிருந்து 80 சதவீதம்வரை ஆல்டர்னேட்டர் (எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் கருவி) இரண்டு, மூன்று மணி நேரத்தில் ஏற்றிவிடும். கடைசி 20 சதவீதத்துக்கு இன்னும் நான்கிலிருந்து ஆறு மணி நேரம் பிடிக்கும். எஞ்சினை எவ்வளவு ஓட்டினாலும் இந்தப் பகுதி வேகப்படாது. தினம் ஒரு மணி நேரம் எஞ்சினை ஓட்டிவிட்டு நிறுத்துகிறவர்களின் பேட்டரித் தகடுகளில் சல்ஃபேட் படிந்து, ஒரே குளிர்காலத்தில் செத்துப்போகும். முழுதாக ஏறியதா என்று அறிய சதவீதம் காட்டும் மானியை நம்பாதீர்கள். 14.4 வோல்ட்டுக்கு மேல் இருக்கும்போது உள்ளே போகும் மின்னோட்டத்தைப் பாருங்கள். 440 ஆம்பியர்-மணி பேட்டரித் தொகுதிக்கு அது 5, 6 ஆம்பியருக்கு இறங்கினால்தான் நிறைந்தது. சோலார் இந்தக் குறையைத் தீர்க்கும் என்பது ஜூனில் உண்மை. 400 வாட் தகடு அப்போது ஒரு நாளில் 1.5 முதல் 2 கிலோவாட்-மணி தரும். டிசம்பரில் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராத நாட்கள் உண்டு. எஞ்சினையோ ஜெனரேட்டரையோ காலை 8-க்கு முன்னும் இரவு 8-க்குப் பின்னும் ஓட்டக்கூடாது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

லித்தியம் பாதி நிலையிலேயே நின்றாலும் கெடாது. இதுதான் அதன் பெரிய நன்மை, எடை குறைவு என்பதெல்லாம் அதற்குப் பிறகு. 300 ஆம்பியர்-மணியில் 240-ஐ எடுத்துக்கொள்ளலாம், எஞ்சினை இரண்டு, மூன்று மணி நேரம் ஓட்டி அப்படியே விடலாம். ஆனால் பழைய பேட்டரியைக் கழற்றிவிட்டு அதே கம்பியில் மாட்டக்கூடாது. கிடைக்கும் மின்னோட்டத்தை எல்லாம் லித்தியம் வாங்கிக்கொள்ளும், ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும். பேட்டரிக்குள் இருக்கும் காவல் சுற்று நடுவில் துண்டித்தால், எழும் வோல்டேஜ் ஆல்டர்னேட்டரின் டயோடுகளைச் சுட்டுவிடும். எஞ்சின் பேட்டரிக்கும் லித்தியத்துக்கும் நடுவே மின்னோட்டத்தை மட்டுப்படுத்தி ஏற்றும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்றோ இரண்டோ வையுங்கள். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் செல் நிரந்தரமாகக் கெடும், அதனால் எஞ்சின் அறையைவிடக் கட்டிலுக்கு அடியில் வைப்பது நல்லது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள்.

மரீனாக்காரர்களுக்கு லித்தியம் வீண்செலவு. கரைமின்சாரத்தில் எப்போதும் நிறைந்தே இருக்கும் லெட்-ஆசிட் பல ஆண்டு உழைக்கும். அந்தப் பணத்தை, படகின் இரும்பைக் கரைக்கும் மின்னோட்டத்தைத் தடுக்கும் கால்வானிக் ஐசொலேட்டரில் போடுங்கள். கரைமின்சாரத்தின் எர்த் கம்பி உங்கள் படகையும் பக்கத்துப் படகுகளையும் இணைத்து ஒரே பெரிய மின்கலமாக்கிவிடும். அதில் கரைவது முதலில் உங்கள் மெக்னீசியம் ஆனோடு (இரும்புக்குப் பதிலாகக் கரையவென்றே அடிப்பக்கம் பொருத்தும் கட்டி), அது தீர்ந்தபின் அடிப்பக்க இரும்பு.

மிக்ஸியைப் பற்றி நம்மவர்கள் கட்டாயம் கேட்பார்கள். 750 வாட் மிக்ஸி 12 வோல்ட்டில் 70 ஆம்பியர் இழுக்கும், ஆனால் மூன்று நிமிடச் சட்னிக்கு ஆவது 4 ஆம்பியர்-மணிகூட இல்லை. 2,000 வாட் தூய சைன் அலை இன்வெர்ட்டர் போதும். மலிவான மாதிரியில் மோட்டார் சூடாகும். அரை மணி நேரம் ஓடும் மின்சார ரைஸ் குக்கர்தான் 30-ஐத் தின்னும். சோற்றைக் காஸில், பிரஷர் குக்கரில் வைத்துவிடுங்கள்.

ஈரம்

நம் சமையலில் ஆவி அதிகம், படகோ மெல்லிய இரும்பு. இட்லி வேகும் ஆவி அலுமினியச் சன்னல் சட்டத்தில் நீராகி, மரத்தில் இறங்கி, மெத்தைக்கு அடியில் கறுப்புப் பூஞ்சையாக வந்து நிற்கும். சன்னல்களுக்கு உள்பக்கம் காந்தப் பட்டையில் ஒட்டும் அக்ரிலிக் தகடு பொருத்துங்கள், மெத்தைக்கு அடியில் மரச்சட்டங்களோ காற்றோட்ட வலையோ போடுங்கள். சமைக்கும்போது கூரை மூடியைத் திறந்து வையுங்கள்.

குளிர் தாங்காமல் கூரையிலிருக்கும் காளான் வடிவக் காற்றுப்போக்கியில் துணியைத் திணிப்பவர்கள் உண்டு. அடுப்பும் காஸும் எரியும் படகில் அந்தத் துளைகள் கணக்கிட்டு வைத்தவை. திணித்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். படுக்கையறையில் ஒன்று, அடுப்பறையில் ஒன்று என்று கார்பன் மோனாக்சைடு மணியை மாட்டுங்கள். பெட்டியில் இஎன் 50291-2 என்று அச்சிட்டிருக்க வேண்டும், படகுக்கென்று சோதித்த மணி அதுதான். வாரம் ஒருமுறை அதன் பொத்தானை அழுத்திச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள்.